தீவுகளில் மட்டும் வாழும் பறவைகள்: ‘ஓரிடவாழ்வி’ என்றால் என்ன?

கன்னியாகுமரியில் இத்தனை பறவைகள் இருக்க, சிலர் அந்தமான் வரை கப்பலேறிச் செல்வது ஏன் என்ற கேள்விக்கு ‘ஓரிடவாழ்வி’ என்ற சொல்லே விடை. உலகில் ஒரே பகுதியில் மட்டும் இயல்பாக வாழும் உயிரினம் என்பது அதன் பொருள். அந்தமான் பகுதியில் ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டரே உள்ள எரிமலைத் தீவான நார்கொண்டத்தை விட்டால், பெரிய அலகுள்ள பறவையான நார்கொண்டம் இருவாச்சியை வேறு எந்தக் காட்டிலும் காண இயலாது. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கோ அவை கறுப்பு.

ஓர் இனம் இப்படி ஒரே தீவுக்கு உரியதாவதற்குக் காரணம் தனிமை. குளச்சலிலிருந்து தொலைவில் குடியேறிய ஒரு குடும்பம் ஊரோடு போக்குவரத்தே இல்லாமல் போனால், சில தலைமுறைகளில் அதன் பேச்சு மாறிவிடுவதைப் போல, கடல் கடந்து வந்து சேர்ந்த சில பறவைகளின் வழித்தோன்றல்கள், தாயினத்தோடு கலக்க வழியின்றிப் பல்லாயிரம் ஆண்டுகளில் தனி இனமாகின்றன.

கடற்பறவைகளின் கதை வேறு. நம் ஆழ்கடல் மீனவர்கள் கரை தெரியாத தொலைவில் காணும் அவை, பூனையும் எலியும் இல்லாத இடம் தேடி முட்டையிடவே தீவில் இறங்குகின்றன. லட்சத்தீவின் பிட்டி என்னும் மணல்திட்டில் ஆலா என்னும் கடற்பறவைகள் வெறுந்தரையிலேயே முட்டையிடும்.

ஓரிடவாழ்வி என்றாலே அரியது என்று பலர் எண்ணுவது சரியன்று: மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலப் பைங்கிளிகள், பேச்சிப்பாறைப் பக்கத்துக் காடுகளில் கூட்டமாகவே பறக்கின்றன.