ஸ்லீவா, பைபாஸா? அப்புறம் அல்வா சாப்பிடலாமா?

பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு எடையும் சர்க்கரையும் அதிகம், எடை குறைக்க இரைப்பையில் செய்யும் ஸ்லீவ், பைபாஸ் இரண்டில் எந்த ஆபரேஷன் நல்லது, பிறகு அல்வா சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் மேலே சிறு பை அமைத்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சர்க்கரையோ கடுமையான நெஞ்செரிச்சலோ இருந்தால் பொதுவாக பைபாஸ் பக்கம்தான் சாய்வார்கள்.

அல்வா? பைபாஸுக்குப் பின் இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். நெல்லையப்பர் கோயிலுக்குப் போங்கள், எதிரே இருக்கும் கடைக்கு வேண்டாம். சொதிச் சாப்பாட்டுக்கு முன்னால், புரதத்துக்காக, முட்டையோ பருப்போ வயிற்றுக்குள் போகட்டும்.

பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். மெலிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் வம்பு. இன்சுலின் போடுகிறவர் என்றால் முதல் வாரத்திலேயே அளவு குறையலாம்; அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.