‘மாசம் எவ்வளவு வரும்?’ என்று மட்டும் கேட்டால்: பணம், கடன் கேள்வி-பதில்

ஸ்கூட்டருக்கு ஒரு லட்சம் கடன். ஷோரூமில் 10% வட்டி, 36 மாதம், தவணை 3,611 ரூபாய். என் வங்கியில் தனிநபர் கடனுக்கு 12% கேட்கிறார்கள். ஷோரூம்தானே லாபம்?
*வாசகர், திண்டுக்கல்*

இல்லை. ஷோரூம் சொன்னது ஃபிளாட் வட்டி. வங்கி சொன்னது, அசல் குறையக் குறையக் குறைகிற வட்டி. முழத்தையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று கேட்கிறீர்கள்.

ஃபிளாட் கணக்கில் மூன்று வருடமும் முழு லட்சத்துக்கே வட்டி ஓடும்: 30,000. மொத்தம் 1,30,000. அதை 36-ஆல் வகுத்ததுதான் உங்கள் 3,611. அதில் அசல் 2,778, வட்டி 833. கடைசித் தவணையைப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் வைத்திருக்கிற அவர்கள் பணம் வெறும் 2,778. அதற்கும் அதே 833! ஊர்க்கணக்கில் இது நூற்றுக்கு ஒன்றரை வட்டி, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 18%. வங்கியின் 12 சதவீதத்தில் தவணை 3,321, மொத்த வட்டி சுமார் 19,560. பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம்.

கடன் கேட்டு உட்காரும் எல்லோரும் முதலில் கேட்பது ‘மாசம் எவ்வளவு வரும்?’. பலருக்குக் கடைசிக் கேள்வியும் அதுதான். விற்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? தவணை கனமாகத் தெரிந்தால் 36 மாதத்தை 48 ஆக்கிவிடுவார். தவணை குறையும், மொத்த வட்டி ஏறும். நீங்களும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவீர்கள். கேட்க வேண்டியது வேறு: மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? செயலாக்கக் கட்டணம், காப்பீடு, ஆவணச் செலவு என்று முதலிலேயே பிடிப்பது போக என் கைக்கு எவ்வளவு வரும்? நடுவில் முடித்தால் என்ன அபராதம்?

இதையெல்லாம் வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் பொது. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், எனவே தமிழில் கேளுங்கள். அதில் ஏபிஆர் என்ற வரியில் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி இருக்கும். இரண்டு இடத்திலும் அந்த ஒரு எண்ணை வாங்கி ஒப்பிட்டால் போதும்.

42 இன்ச் டிவிக்குக் கூடுதலாக மூன்று வருட வாரண்டி, 4,500 ரூபாய். எடுக்கலாமா?
*வாசகர், திருப்பூர்*

வேண்டாம். எங்கள் மைக்ரோவேவுக்கு எடுத்தோம். பழுதான பாகம் மட்டும் பட்டியலில் இல்லை.

அம்மாவுக்கு 63 வயது. ஃபிக்ஸட் டெபாசிட் போடப் போனவரிடம் ‘இதில் வட்டி ஜாஸ்தி’ என்று 2 லட்சம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததோ இன்சூரன்ஸ் பாலிசி. வருடா வருடம் இப்படியே பத்து வருடம் கட்ட வேண்டுமாம். வந்து 12 நாள் ஆகிறது.
*வாசகி, பழனி*

முதலில், அம்மாவைத் திட்டாதீர்கள். இருபது வருடம் கணக்கு வைத்திருக்கும் வங்கியில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நம்பியது குற்றமில்லை.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். ‘ஃப்ரீ லுக்’ என்பார்கள். உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. கடிதம் வங்கிக்கு அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டும். பாலிசி எண், கைக்கு வந்த தேதி, டெபாசிட் என்று சொல்லி விற்ற விவரம், பணம் திரும்ப வேண்டிய கணக்கு எண், எல்லாம் எழுதி அம்மா கையெழுத்திடட்டும். ரத்து செய்த காசோலை ஒன்றை இணையுங்கள். அந்தக் கம்பெனியின் கிளையில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம் மட்டும் கழியும்.

‘ஒரு வருஷம் போகட்டும்மா, பார்த்துக்கலாம்’ என்று வங்கியில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சிலேயே 30 நாள் ஓடிவிடும். கம்பெனி மறுத்தாலோ 30 நாள் பதில் தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போங்கள், கட்டணம் கிடையாது.

கிரெடிட் கார்டு பாக்கி 40,000. மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டுகிறேன். பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது, ஏன்?
*வாசகர், சேலம்*

ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தீர்களா? மாதம் 3.5% என்றால் வட்டி 1,400, அதற்கு ஜிஎஸ்டி 252. உங்கள் 2,000-இல் அசலுக்குப் போவது 348 ரூபாய். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பிரியாணிக்கும் அன்றிலிருந்தே வட்டி. கார்டைப் பீரோவில் பூட்டுங்கள். நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இதை ஒரே அடியாக அடைத்துவிடுங்கள். அந்த வட்டி இதில் பாதிகூட வராது.

போடும் பணத்துக்கு மாதம் 10% தருகிறார்கள். அக்கா வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் சரியாக வந்தது. போடலாமா?
*வாசகர், வேலூர்*

அவருக்கு வந்தது, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கட்டிய பணமாகத்தான் இருக்கும். போடாதீர்கள்.

நகைக்கடைச் சீட்டு: 11 மாதம் 5,000 கட்டினால் சேதாரம் இல்லையாம். நல்லதா?
*வாசகி, கும்பகோணம்*

நகை எடுக்கப் போவது உறுதியென்றால் மோசமில்லை. ஆனால் ‘சேதாரம் இல்லை’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘18% வரை’ என்று இருக்கும். உங்களுக்குப் பிடிக்கிற டிசைனுக்கு 24% போட்டிருப்பார்கள். மீதி 6% உங்கள் தலையில். கட்டும் பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கிறார்களா, ரூபாயாகவா என்று பாஸ்புக்கில் பாருங்கள். விலை ஏறும்போது ரூபாய் வரவு நஷ்டம். 11 மாதம் என்பதும் உங்கள் வசதிக்காக இல்லை: 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்காத முன்பணம், கம்பெனிச் சட்ட விதிப்படி டெபாசிட் ஆகிவிடும். அந்த விதிகளில் மாட்டாமல் இருக்கத்தான் 11 மாதம். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கடை மூடினால் இதற்கு ஒன்றும் கிடையாது.

நகை வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி-யை (ஹால்மார்க் அடையாள எண்) பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே தட்டிப் பாருங்கள். பில் போட்ட பிறகு இல்லை, முன்பு.