நெஞ்சுவலி: முதல் 10 நிமிடத்தில் நர்ஸ் செய்ய வேண்டியது

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது புது நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, நெஞ்சுவலி என்றாலே ஆக்சிஜன் மாஸ்க் போடத்தான் படித்தோம். இப்போது வேண்டாம் என்கிறார்களே?

நானும் அப்படிப் படித்தவள்தான். மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின் நான்கையும் ‘மோனா’ என்று மனப்பாடம் செய்தோம். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 90-க்குக் குறையாதவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்ததால் ஒரு வருடத்துக்குள் நேரும் இறப்பு குறையவில்லை. 90-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கொடுங்கள். மார்ஃபினும் எல்லோருக்கும் கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க வாய்வழி கொடுக்கும் டிக்காக்ரெலர் போன்ற மாத்திரைகள் உடம்பில் சேர்வதை அது தாமதப்படுத்தும். ஆஸ்பிரினைத்தான் மறக்கக் கூடாது. அலர்ஜி, ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டுவிட்டு, மென்று விழுங்கச் சொல்லுங்கள்.

10 நிமிடத்தில் ஈசிஜி என்கிறார்கள். எங்கள் வார்டில் அது நடப்பதே இல்லை.

அந்த 10 நிமிடம் டாக்டர் பார்த்ததிலிருந்து இல்லை, நோயாளி வாசலில் கால் வைத்ததிலிருந்து. நான் பார்த்தவரை, தாமதத்துக்குக் காரணம் நர்ஸுக்குத் தெரியாதது அல்ல. ‘டாக்டர் எழுதட்டும்’ என்ற காத்திருப்புதான். ‘நெஞ்சுவலி என்றால் நர்ஸே ஈசிஜி எடுக்கலாம்’ என்று எழுத்தில் ஓர் உத்தரவு வாங்கி வையுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

எடுக்கும் விதமும் முக்கியம். அவசரத்தில் நெஞ்சில் ஒட்டும் லீடுகளில் (ஈசிஜி ஒயர்கள்) வி1, வி2 இரண்டையும் மேலே ஒட்டிவிடுகிறோம். மார்பெலும்பின் மேல்பகுதியில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கி நான்காவது விலாவுக்குக் கீழே உள்ள இடைவெளியில் ஒட்டுங்கள். முதல் ஈசிஜி நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும்.

நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மேல் பிரஷர் 90-க்குக் கீழே என்றால் வைக்காதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமோ, டடாலஃபில் போட்டு 48 மணி நேரமோ ஆகவில்லை என்றாலும் கூடாது. வீட்டார் பக்கத்தில் இருந்தால் பலர் இதைச் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள். இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக் என்றால், இதை வைக்கும் முன் நெஞ்சின் வலது பக்கத்திலும் லீட் ஒட்டி ஈசிஜி எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: மாத்திரையில் வலி குறைந்தால் இதயவலி, குறையாவிட்டால் வாயு என்று முடிவு கட்டவே கூடாது.

சர்க்கரை உள்ள ஓர் அம்மா, வெறும் அசதியும் வியர்வையும் என்றார். உட்கார வைத்துவிட்டோம். பிறகு அட்டாக் என்று தெரிந்தது. மனசு ஆறவில்லை.

உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, எனக்கும் அப்படி ஒரு முகம் நினைவில் இருக்கிறது. பெண்கள், முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்றில்லை. தாடை வலி, மூச்சு வாங்கல், குமட்டல், காரணமில்லாத அசதி எல்லாமே ஈசிஜி எடுக்கப் போதுமான காரணம்தான்.

டாக்டரே ஆக்சிஜன் போடச் சொன்னால் ஜூனியர் நான் என்ன செய்ய?

வாதாட வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள். “சாச்சுரேஷன் 97, மூச்சுத்திணறல் இல்லை. போடட்டுமா டாக்டர்?” அதன் பிறகும் போடச் சொன்னால் போடுங்கள், அந்த 97-ஐ நேரத்தோடு சார்ட்டில் எழுதுங்கள். டியூட்டி முடிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.