காந்தமும் கைப்பிடியும்: பாத்திரம் வாங்கியவர்களின் கேள்விகள்

எவர்சில்வர் நல்லதா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?
வாசகர், ஈரோடு

தெரியாது. எவர்சில்வரில் நல்ல ரகமான 304-ம் காந்தத்தில் ஒட்டாது, மட்டமான 202-ம் பெரும்பாலும் ஒட்டாது. 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீத அளவில் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால் 202-இல் அதைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றிவிடுவார்கள். உப்பும் புளியும் தங்கினால் அதில் சீக்கிரம் புள்ளி விழும். ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

'அடிகனம்' என்று சொல்லி விற்ற பால் பாத்திரம் தினமும் அடிப்பிடிக்கிறது. இத்தனைக்கும் எடை குறைவு, கையாளச் சுலபம் என்றுதான் வாங்கினேன்.
வாசகி, திருச்சி

எடையே இல்லாத அடிகனம் எங்கே கிடைக்கும்? எவர்சில்வர் சூட்டைப் பரப்பாது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடத்தும். அதனால்தான் நல்ல பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தகட்டை வைத்து மூடுகிறார்கள். அந்தத் தகடு அடியை முழுக்க மூடாமல் நடுவில் மட்டும் இருந்தால் ஓரம் கருகும். மூன்று அடுக்குத் தகட்டில் செய்த ட்ரை-பிளையில் அது பக்கவாட்டிலும் ஏறியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். கையில் தூக்கிப் பார்க்காமல் பாத்திரம் வாங்காதீர்கள்.

வாங்கி இரண்டு வாரத்தில் குண்டானின் கைப்பிடி கழன்று, கொதிக்கும் சாம்பார் அம்மாவின் காலில் கொட்டிவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார்.
வாசகர், விருதுநகர்

அம்மாவுக்குக் காயம் ஆறட்டும். அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. உடைந்த கைப்பிடி, பில், மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கைப்பிடி என்று வந்தாலே எனக்குக் கோபம் வரும். மெல்லிய தகட்டில் இரண்டு புள்ளி வெல்டிங் வைத்து, அதை நம்பி ஐந்து லிட்டர் குழம்பைத் தூக்கச் சொல்கிறார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்தப் புள்ளி விட்டுப்போகும். ரிவிட் அடித்தது நிற்கும். உள்ளே ரிவிட் தலையில் அழுக்குச் சேர்கிறது என்று முகம் சுளிக்கிறார்கள், தேய்த்தால் போகிறது! இன்னொன்று, கைப்பிடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பிடிதுணி நுழைய இடமே விடுவதில்லை. வரைந்தவர் ஒருநாளும் சோறு வடித்திருக்க மாட்டார். பளபளப்புக்கு மயங்கி, குழல் கைப்பிடி வைத்த வாணலி ஒன்றை நானும் வாங்கினேன். கழுவும்போது உள்ளே புகுந்த தண்ணீர் தாளிக்கிற நேரம் பார்த்துக் காய்ந்த எண்ணெயில் சொட்டும். இப்போது அது மொட்டைமாடியில் துளசிக்கு மண் சுமக்கிறது.

நான்-ஸ்டிக் தவாவில் மூன்றே மாதத்தில் பூச்சு உரிந்துவிட்டது. எவர்சில்வர் தோசைத் திருப்பிதான் பயன்படுத்துகிறேன். கம்பெனி மாற்றித் தருமா?
வாசகர், சென்னை

தராது. நானாக இருந்தாலும் தரமாட்டேன். மரக்கரண்டி போடச் சொல்லி அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் குக்கர் வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. பயன்படுத்தலாமா?
வாசகி, மதுரை

வேண்டாம். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கரை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-இல் பெரிய ஆன்லைன் தளங்களுக்கே அபராதம் விழுந்தது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கொடுத்தே ஆகவேண்டும். அதுவரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இரும்புத் தோசைக்கல்லை ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கழுவுகிறேன். ஆனாலும் துரு.
வாசகர், கோவை

ஊறவைக்காதீர்கள்.