பொறியியல் பட்டத்தோடு களஞ்சியத்தில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வியை மற்றவர்களும் விளங்கிக்கொள்வதற்காகச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பேராதனையில் குடிசார் பொறியியல் படித்து, வவுனியாவிலும் மன்னாரிலும் வீதி, பாலம், பாடசாலைக் கட்டட வேலைகளில் பத்து வருடங்களுக்கு மேல் தளப் பொறியியலாளராக இருந்துவிட்டு, நிரந்தர வதிவிட அனுமதியுடன் கனடாவுக்கு வந்த நீங்கள், மூன்று வருடமாக ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறீர்கள். வாடகைக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் சம்பளம் போதுமானதாக இருக்கிறது; மனம்தான் ஒட்டவில்லை. பி.எங். எனப்படும் தொழில்முறைப் பொறியியலாளர் உரிமத்துக்கு முயல்வதா, எல்லோரும் சொல்வதுபோல் கணினித் துறைக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "பொறியியல் வேலை எனக்கு உண்மையில் பிடித்திருந்ததா என்பதே இப்போது தெரியவில்லை, அண்ணா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்கு விடை கிடைக்காமல் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 2003இல் வந்தவன். ஊரில் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் தொடங்கி, பிறகு கொங்கிறீற் பரிசோதனை செய்யும் நிறுவனம் ஒன்றில் சில வருடங்கள் இருந்து, இப்போது ரொறன்ரோவை அண்டிய ஒரு மாநகரசபையில் கட்டடப் பரிசோதகராக வேலை செய்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவது கட்டுமானத் துறையைச் சுற்றியே இருக்கும். நாம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வெளியே சட்டங்கள் வேறுபடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரவு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வேலை முடித்து வந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, வெளிச்சத்தில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கும் ஒருவருக்கு எந்தத் தொழிலிலும் விருப்பம் இருப்பதாகத் தோன்றாது. அந்தக் களைப்பில் நின்றுகொண்டு பழைய தொழிலை எடைபோட்டால், தொழிலின் குறை எது, உடம்பின் அலுப்பு எது என்று பிரித்தறிய முடியாது. மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு சில மாதங்களுக்காவது பகல் அல்லது பிற்பகல் வேலைக்கு மாறப் பாருங்கள். மாற முடியாவிட்டால், இரண்டு நாள் ஒழுங்காக நித்திரை கொண்ட விடுமுறை நாளில் மட்டுமே இந்த விடயத்தைப் பற்றி யோசிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதை நான் பெரிய விடயமாகவே கருதுகிறேன்.

அப்படியொரு நாளில் ஒரு கொப்பியை எடுத்து, வவுனியாவில் நீங்கள் வேலை செய்த சாதாரண வாரம் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து, திங்கள் முதல் சனிவரை மணிக்கணக்கில் எழுதுங்கள். பாலம் திறந்துவைத்த நாளையோ, மேலதிகாரி பாராட்டிய நாளையோ எடுக்க வேண்டாம். எந்த விசேடமும் இல்லாத வாரமாக இருக்கட்டும். காலையில் தளத்துக்குப் போய்க் கம்பி கட்டுவதைப் பார்த்தது, ஒப்பந்தகாரரோடு அளவுப் பட்டியல் பற்றி வாதாடியது, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டத்துக்காகக் காத்திருந்தது, வரைபடத்தில் பிழை கண்டுபிடித்துக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தது, மேசன்மாருக்கு மட்டம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது, மாத முடிவில் அறிக்கை எழுதியது என எல்லாம் வரட்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நாளைக்கு யாராவது கூப்பிட்டு இதைச் செய்யச் சொன்னால் விரும்பிப் போவேனா, சம்பளத்துக்காகப் போவேனா, சம்பளம் தந்தாலும் தவிர்க்கப் பார்ப்பேனா என்று குறித்துக்கொள்ளுங்கள். தனக்கு எது பிடிக்கும் என்று பொதுவாகக் கேட்டால் மனிதருக்குப் பதில் வராது. குறிப்பிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் செய்த வேலை பிடித்திருந்ததா என்று கேட்டால் உடனே வந்துவிடும்.

நான் இதைச் செய்தபோது எனக்குத் தெரியவந்தது இதுதான்: வடிவமைப்புக் கணக்குகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு ஒருபோதும் இருந்ததில்லை, மதிப்பீடு எழுதுவதைக் கடமைக்காகவே செய்திருக்கிறேன், ஆனால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தில் நடந்து, இருப்பதும் இருக்க வேண்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதிலும், ஒத்துப்போகாத இடத்தில் ஏன் என்று வேலை செய்பவருக்குப் பொறுமையாக விளக்குவதிலும் எனக்கு நேரம் போவதே தெரிந்ததில்லை. அது தெரிந்த பிறகு நான் தேடிய வேலைகளின் பெயர்கள் மாறிவிட்டன. உங்களுக்கு வேறொன்று தெரியவரலாம். வடிவமைப்புத்தான் உங்கள் உயிர் என்று கொப்பி சொன்னால், உரிமத்துக்கான பாதையைத் தயக்கமின்றி எடுங்கள்.

அந்தப் பாதை முன்பு இருந்ததைவிட இப்போது திறந்திருக்கிறது. ஒன்ராறியோவில் பொறியியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு, கனடாவில் 12 மாதமாவது ஓர் உரிமம் பெற்ற பொறியியலாளரின் கீழ் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. 48 மாத அனுபவம் இன்னும் தேவை. அது ஊரில் பெற்றதாக இருக்கலாம். ஆனால் வருடங்களை எண்ணிக் காட்டினால் போதாது. 34 திறன்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வேலையில் எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும், அதை உங்கள் வேலையை நேரில் அறிந்த பொறியியலாளர்கள் உறுதிப்படுத்த வேண்டும். இதனோடு சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய பரீட்சை ஒன்று உண்டு. பட்டத்தைப் பரிசீலித்துவிட்டுத் தொழில்நுட்பப் பரீட்சைகளையும் கேட்கலாம். உரிமத்துக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்பே, வவுனியாவில் உங்களுக்கு மேலே இருந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேகரித்து, ஒரு நலம் விசாரிப்புக் கடிதமாவது எழுதி வையுங்கள். இளைப்பாறிய பிறகோ இடம் மாறிய பிறகோ அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அதேவேளை, உரிமம் இல்லாவிட்டால் பொறியியல் வேலையே கிடையாது என்று நம் ஆட்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பொறியியலாளர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வதற்கும், வடிவமைப்புக்குப் பொறுப்பேற்று முத்திரை குத்துவதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்கும் இடத்தில் அவருக்குக் கீழே நீங்கள் வேலை செய்யலாம். மதிப்பீட்டாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர், தள மேற்பார்வையாளர், மண், கொங்கிறீற் பரிசோதகர் போன்ற வேலைகளுக்கு அந்த உரிமத்தைக் கேட்பதில்லை. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒன்ராறியோ நிறுவனங்கள் தமது பகிரங்க விளம்பரங்களில் கனடிய அனுபவம் வேண்டும் என்று எழுதக்கூடாது. நேர்முகத்தில் வேறு விதமாகக் கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஆனாலும் அந்த அளவு நிறுவனங்களின் விளம்பரங்களில் அந்த வரியைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விடும் நிலை இனி இல்லை.

கொங்கிறீற் பரிசோதனை வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்களைப் போன்ற ஒருவர் இங்கத்தைய தளத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. ஈரக் கொங்கிறீற்றை 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் 25 முறை கம்பியால் குத்தி, கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பது நீங்கள் ஊரிலேயே செய்த வேலைதான். ஊரில் நாம் பெரிதாகக் கவனிக்காத ஒன்றை இங்கே முதலில் கேட்பார்கள்: கலவைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை. குளிர்காலத்தில் கொங்கிறீற்றின் நுண்துளைகளில் இருக்கும் நீர் உறைந்து விரியும்போது, அந்த விரிவை வாங்கிக்கொள்ளச் சிறு காற்றுக் குமிழிகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பு சில குளிர்காலங்களிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். உப்புத் தூவப்படும் பாலத் தளங்களுக்கும் கார்த் தரிப்பிடங்களுக்கும் வழக்கமாக 5 முதல் 8 சதவீதம் காற்று கேட்பார்கள். காற்றை அளக்க உங்கள் கையிலுள்ள அழுத்தமானி நாலரை சதவீதம் காட்டினால், பின்னால் எத்தனை லொறிகள் வரிசையில் நின்றாலும் அதை நீங்கள் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் நிற்கும்போது இந்த நாட்டின் கட்டுமானம் எப்படி யோசிக்கிறது என்பது ஒரு பருவ காலத்துக்குள் விளங்கிவிடும். சம்பளம் தொடக்கத்தில் களஞ்சியத்தைவிட அதிகமாக இருக்காது, வாகனமும் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும், குளிர்காலத்தில் வேலை நேரம் குறையும். அதற்குரிய களப் பரிசோதனைச் சான்றிதழுக்கு நீண்ட படிப்பு எதுவும் தேவையில்லை.

என் இப்போதைய வேலைக்கு வேறு தகுதி வேண்டும். ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை பற்றி மாகாண அமைச்சு நடத்தும் பரீட்சைகளில், சட்டம் பற்றிய ஒன்றையும், வீடுகள் போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளையும் சித்தியடைய வேண்டும். நூற்றுக்கு 70 புள்ளி எடுக்க வேண்டும். விதிக்கோவைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றாலும், எங்கே தேடுவது என்பது பழகியிருக்காவிட்டால் நேரம் போதாது. அத்திவாரக் குழி உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போயிருக்கிறதா, ரொறன்ரோப் பகுதியில் அது ஏறக்குறைய 1.2 மீற்றர், என்று பார்ப்பதில் தொடங்கி, குடிபுகும் நாள்வரை ஒவ்வொரு கட்டத்திலும் போய்ப் பார்ப்பது என் வேலை. நம் ஆட்களின் பேஸ்மென்ற் அறைகளுக்கும் போகிறேன். படுக்கையறையிலிருந்து நெருப்பு நேரத்தில் வெளியேறக்கூடிய யன்னல் பொதுவாக 0.35 சதுர மீற்றர் திறப்போடும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அளவுநாடாவைப் பிடித்துக் காட்டி, "இந்த அறையில் படுப்பது உங்கள் அம்மா, புகை வந்தால் அவர் எதனூடாக வெளியே வருவார்?" என்று தமிழில் கேட்கும்போது, சட்டத்தின் பெயரால் சொல்லி விளங்காத ஒன்று அந்த வீட்டுக்காரருக்கு விளங்கிவிடுகிறது. என் தொழிலில் எனக்கு நிறைவு தருவது அந்த நேரம்தான். அதற்கு ஊரில் இருந்த என் பதவிப் பெயரோ, இங்கே கிடைக்காத பதவிப் பெயரோ தேவைப்படவில்லை.

கணினித் துறை பற்றி: அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அதில் மகிழ்ச்சியாக இருக்கும் முன்னாள் பொறியியலாளர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் தனியார் பயிற்சிக்குள் நுழைய முன், ரொறன்ரோ பொது நூலகத்தின் அட்டையை எடுத்து, லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்களை இலவசமாகப் பார்த்து, சிறிய நிரல் ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். பிழை ஒன்று தீராமல் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் இருந்தால் அந்தத் துறை உங்களுக்குப் பொருந்தலாம். மைத்துனர் சொன்னார், சம்பளம் நல்லது என்பதற்காக மட்டும் அந்தப் பாடங்களைத் திறக்கிறீர்கள் என்றால், மூன்றாவது வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னுமொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருமண மண்டபத்தில் யாராவது பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்கும்போது வரும் கூச்சம் பலரைப் பிழையான படிப்புக்குள் தள்ளிவிடுகிறது. "இஞ்சினியர்" என்று பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக உரிமத்துக்குப் போகிறீர்களா, அந்த உரிமம் திறந்துவிடும் வேலையை நாள்தோறும் செய்ய விரும்புவதால் போகிறீர்களா என்பதை உங்கள் மனைவியோடு இருந்து கதையுங்கள். நீங்கள் எந்தக் கதையைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறும் என்பது அவருக்குத் தெரியும். பத்து வருடம் மாலை நேரங்களில் வேலைத்தளக் கதைகளைக் கேட்டவர் அவர். அவருடைய வேலை, பிள்ளைகளின் பாடசாலை நேரம், ஒரு வருடத்துக்கு எவ்வளவு குறைந்த வருமானத்தைத் தாங்கலாம் என்பன எல்லாம் இந்த முடிவில் அடங்கும் என்பதால், அவரிடம் கடைசியில் அறிவிக்கும் விடயமாக இது இருக்கக்கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, நிரந்தர வதிவாளர் என்பதால் மாகாணத்தின் மாணவர் உதவிக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம், ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பு இருந்தால், வாழ்நாள் கற்றல் திட்டத்தின் கீழ் முழுநேரப் படிப்புக்காக வருடத்துக்கு 10,000 டொலர்வரை, மொத்தம் 20,000வரை, வரி பிடிக்காமல் எடுத்துப் பிறகு தவணை முறையில் திருப்பிக் கட்டலாம். என்றாலும் உங்களுக்கு முழுநேரப் படிப்பு தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. ஜோர்ஜ் பிரவுண், செனெக்கா போன்ற கல்லூரிகளில் கட்டுமானம் சார்ந்த மாலைநேரப் பாடங்கள் உண்டு. உங்கள் துறையில் இங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரோடு புதிதாக வந்தவரை இணைத்துவிடும் திட்டத்தை ட்ரீயெக் என்ற அமைப்பு 2004 முதல் நடத்தி வருகிறது. அதில் பதிவு செய்ய முயலுங்கள். வேலை கேட்பதற்காக அந்த மனிதரைச் சந்திக்க வேண்டாம். அவருடைய சாதாரண வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டு, உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பரிசோதனை நிறுவனங்கள் வசந்த காலத்து வேலைகளுக்கு ஆட்களைத் தேடத் தொடங்குவது பனி உருகுவதற்கு முன்னரே. ஆகவே கொப்பி வேலையை மார்கழி விடுமுறைக்குள் முடித்துவிட்டு, தை, மாசியில் விண்ணப்பங்களை அனுப்புங்கள். உங்கள் சுயவிபரக் கோவையை அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், ஊரில் நாம் பாவிக்கும் சொற்களுக்கு இங்கத்தைய தளத்தில் என்ன சொல்வார்கள் என்று குறித்து அனுப்புகிறேன். அதோடு அந்த வாரப் பட்டியலையும் அனுப்புங்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.