குரூஸ் கப்பலில் பால்கனி கேபின் எடுக்கப் போகிறோம். பெரிய பால்கனி வேண்டுமென்றால் 'சூட்' என்கிற விலை கூடிய பெரிய கேபின்தான் எடுக்க வேண்டுமா, சாதாரணக் கட்டணத்திலேயே கிடைக்குமா?

கிடைக்கும். சூட் தேவையில்லை. ஒரே கப்பலில், ஒரே கட்டணத்தில், ஒரே தளத்தில் ஒருவருக்கு முழங்கால் இடிக்கிற பால்கனியும் நாலு கதவு தள்ளி இன்னொருவருக்குக் கட்டில் போடுகிற அளவுப் பால்கனியும் இருக்கும். இது எனக்குத் தெரியவந்த விதம்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

முதல் பயணத்தில் நாங்கள் எடுத்தது 'கேரண்டி' டிக்கெட். அதாவது பால்கனி கட்டாயம் உண்டு, கேபின் எண்ணை மட்டும் நிறுவனம் பின்னால் ஒதுக்கும், அதனால் விலை குறைவு. எங்களுக்கு ஒதுக்கிய கேபின் நன்றாகத்தான் இருந்தது. பால்கனியில் இரண்டு நாற்காலி, நடுவே முக்காலி மாதிரி ஒரு மேஜை, அவ்வளவுதான். உட்கார்ந்தால் முழங்கால் கண்ணாடித் தடுப்பைத் தொடும். அம்மா காலை நீட்ட வேண்டுமென்றால் நான் எழுந்து உள்ளே போக வேண்டும், நான் உள்ளே போக வேண்டுமென்றால் அம்மா காலை மடக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு துறைமுகத்தில் இறங்கிக் கரையில் நின்று கப்பலை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பால்கனி எதுவென்று அடையாளம் வைக்க அம்மாவின் ஈரத் துண்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எண்ணினால் ஐந்தாவது, ஆறாவது பால்கனிகள் வயிறு தள்ளிக்கொண்டு வெளியே நின்றன, அதில் ஒன்றில் ஒருவர் சாய்வு நாற்காலியை முழுதாக விரித்து மல்லாந்து படுத்திருந்தார். மறுநாள் லிஃப்டில் அவரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் கேபின் வகையேதான். அவர் வரைபடத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லி எடுத்திருக்கிறார். நான் விலையை மட்டும் பார்த்தேன்.

அந்த வயிறு ஏன் வருகிறது என்றால், பெரும்பாலான புதிய கப்பல்களில் கேபின்கள் ஒரே அச்சில் தயாரித்த பெட்டிகள். தொழிற்சாலையில் குளியலறை, விளக்கு உட்படச் செய்து கொண்டுவந்து கப்பலுக்குள் வரிசையாகச் செருகிவிடுவார்கள். பெட்டியின் அளவு மாறாது. ஆனால் கப்பலின் பக்கச் சுவர் எல்லா இடத்திலும் நேர்கோடு இல்லை, சில கப்பல்களில் நடுப்பகுதி வெளியே புடைத்திருக்கும். நேர்கோடு சரிந்து வெளியே போகும் அந்த இடத்தில் பெட்டிக்கும் ஓரத்துக்கும் நடுவே மிஞ்சுகிற இடமெல்லாம் பால்கனிக்குப் போய்விடும். செலிப்ரிட்டி என்ற நிறுவனத்தின் சால்ஸ்டிஸ் வகைக் கப்பல்களிலும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் ரேடியன்ஸ் வகைக் கப்பல்களிலும் இது நன்றாகவே தெரியும். பழகியவர்கள் இதை 'ஹம்ப்' என்பார்கள், ஒட்டகத்தின் திமில் மாதிரி. புடைப்பின் உச்சியில் இருக்கும் கேபின்களைவிட அதன் சரிவில் இருப்பவைதான் பெரும்பாலும் லாபம், பால்கனி கோணலாக அகன்று கிடைக்கும். போனஸாக, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகக் கப்பலின் நீளத்தையும் பார்க்கலாம்.

ஆகவே முதலில் 'டெக் பிளான்' என்று நிறுவனத் தளத்தில் இருக்கும் தளவாரியான வரைபடத்தைத் திறந்து, நன்றாகப் பெரிதாக்கி, கேபின் எண்ணுக்கு வெளிப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டங்களை மட்டும் பாருங்கள். எங்கே கட்டம் நீள்கிறது, எங்கே கோணலாகிறது, எங்கே ஓரத்தில் வளைகிறது என்று பார்த்தால் போதும். அந்த வரைபடம் துல்லிய அளவில் வரைந்தது இல்லை, அதையும் அங்கேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதனால் அதில் சந்தேகம் வந்தால் கப்பலைப் பக்கவாட்டில் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியின் முன்புறம் கண்ணாடியா இரும்பா, மேலே கூரை இருக்கிறதா, கீழே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதெல்லாம் வரைபடத்தைவிடப் புகைப்படத்தில்தான் தெரியும். இரும்புத் தடுப்பு என்றால் உட்கார்ந்த நிலையில் கடல் தெரியாது, எழுந்து நின்றால்தான் தெரியும். பெரிய பால்கனி என்று சந்தோஷப்பட்டுக் கடைசியில் வெள்ளையடித்த இரும்பைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டியிருக்கும்.

சதுர அடிக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். சில நிறுவனங்கள் அறையையும் பால்கனியையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போடும், சில தனித்தனியாகப் போடும். இரண்டையும் ஒப்பிட்டால் தலைகீழான முடிவுக்கு வருவோம். புதிய கப்பல் என்றால் பெரிய பால்கனி என்பதும் இல்லை. பிரின்சஸ் நிறுவனத்தின் 2013இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில் சாதாரணப் பால்கனி சுமார் 41 சதுர அடிதான். அதே நிறுவனத்தின் பழைய கிராண்ட் வகைக் கப்பல்களில் (முதலாவது 1998இல் வந்தது) 'கரீப்' என்ற தளத்தில் எடுத்தால் அதைவிட நல்ல ஆழம் கிடைக்கும். அங்கே தளங்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று வெளியே நீண்டிருப்பதால் பால்கனியில் உள்பாதிக்குக் கூரை உண்டு, வெளிப்பாதி திறந்த வானம். வெயிலுக்கு உள்ளே, நிலவுக்கு வெளியே. ஆனால் இன்னும் ஒரு தளம் கீழே போனால் பால்கனி முழுக்கத் திறந்தது, மேலே இருப்பவர்கள் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதுவரை பார்க்கலாம்.

அந்த அனுபவமும் எனக்கு உண்டு, வேறொரு கப்பலில். முதல் பயணத்தின் கடுப்பில் இரண்டாவது முறை கப்பலின் பின்பக்க மூலைக் கேபினைத் தேடிப் பிடித்தேன். மூலையில் பால்கனி எல் வடிவில் இரண்டு பக்கமும் சுற்றி வரும், சாதாரணக் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் கிடைக்கும் பால்கனிகளில் இதுதான் பெரும்பாலும் ராஜா. கப்பல் கிழித்துவிட்டுப் போகிற தண்ணீர் வெள்ளைச் சாலை மாதிரி அடிவானம்வரை நீண்டுகிடக்கும். கப்பல் ஓடும்போது முன்னாலிருக்கும் கட்டடமே காற்றை மறைப்பதால் பின்பக்கம் ஓரளவு அமைதியாகவும் இருக்கும். முதல் சாயங்காலம் அம்மா அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை, சாப்பாட்டை நான்தான் தட்டில் வாங்கி வந்தேன்.

இரண்டாம் நாள் காலை நாற்காலியில் கை வைத்தால் கையெல்லாம் கரி. புகைபோக்கி பின்பக்கமாகத்தானே இருக்கிறது, காற்று தோதாக வீசினால் அதன் தூள் அங்கேதான் இறங்கும். காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள். அன்று மதியம் மேல்தளத்திலிருந்து ஒரு ஐஸ் கட்டி என் புத்தகத்தின் மேல் வந்து விழுந்தது. மேலே பார்த்தால் நாலு தலை, அதில் ஒன்று "சாரி" என்றது. துறைமுகத்துக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் தரை கிடுகிடுவென்று அதிரும், தண்ணீர் டம்ளர் மேஜையில் தானாக நகரும். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் கப்பலின் இரண்டு முனைகளும் சீசாப் பலகை மாதிரி ஏறி இறங்கும், நடுப்பகுதிதான் அதிகம் ஆடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, வாய்ப்பு கிடைத்தால் அந்தக் கேபினை மறுபடி எடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களுக்கோ கூட வருபவருக்கோ தலைசுற்றல், குமட்டல் இருந்தால் வேண்டாம்.

முன்பக்கம் கடலைப் பார்த்த பெரிய பால்கனிகளும் சில கப்பல்களில் உண்டு. படத்தில் அருமையாக இருக்கும். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் அது மணிக்கு 37 கிலோமீட்டர், எதிர்க்காற்றும் சேர்ந்தால் அங்கே நிற்கவே முடியாது, செய்தித்தாள் பிரிப்பதெல்லாம் கனவு. காற்று அதிகமானால் கதவைத் திறக்காதீர்கள் என்று அறிவிப்பும் வரும். கப்பல் நிற்கும்போது மட்டும் பயன்படுகிற பால்கனிக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். செலிப்ரிட்டி எட்ஜ் (2018) கப்பலில் 'இன்ஃபினிட் வெராண்டா' என்று ஒன்று இருக்கிறது, அது அறையோடு சேர்ந்த இடம், பொத்தானை அழுத்தினால் பெரிய ஜன்னலின் மேல்பாதி கீழே இறங்கும். அறை பெரிதாகத் தெரியும், ஆனால் வெளியே போய் நின்றோம் என்ற உணர்வு வேண்டும் என்பவர்களுக்கு அது ஜன்னல்தான். ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகையில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு நடுவே இருக்கும் பூங்காவைப் பார்க்கும். கார்னிவல் நிறுவனத்தின் சில கப்பல்களில் 'கோவ்' பால்கனி, தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத்தில், அலைச் சத்தம் காதருகே கேட்கும், ஆனால் கடல் கொந்தளித்தால் அதை மூடிவிடுவார்கள். எதுவும் மோசம் என்று சொல்லவில்லை, பெரிய பால்கனி என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது.

வெயிலையும் ஒருமுறை யோசியுங்கள். பெரிய பால்கனி எடுத்து மதியம் முழுக்கக் கதவைச் சாத்தி வைத்திருந்தால் என்ன பயன்? வடக்கு நோக்கிப் போகிற கப்பலில் வலப்பக்கத்துக்குக் காலை வெயில், இடப்பக்கத்துக்கு மாலை வெயில். ஒருவழிப் பயணம் என்றால் கரை எந்தப் பக்கம் வரும் என்பதும் முக்கியம், வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு வடக்கே போகிறவர்கள் வலப்பக்கம் கேட்டு வாங்குவது அதனால்தான். போய்த் திரும்புகிற வட்டப் பயணத்தில் இது அவ்வளவு பொருட்டில்லை.

இரண்டு குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் பெரிய பால்கனியைத் தேடுவதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு கேபின் எடுத்துக்கொண்டு, நடுத்தடுப்பைத் திறந்துவிட முடியுமா என்று கேபின் ஊழியரிடம் கேளுங்கள். பல கப்பல்களில் அந்தத் தடுப்பு கதவு மாதிரி மடங்கும், சாவி அவர்களிடம் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே இந்த எண்களில் தடுப்பு திறக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் நடுவே இரும்புத் தூணோ நிரந்தரச் சுவரோ வந்துவிடும். சின்னக் குழந்தைகள் இருந்தால் பால்கனி நாற்காலியைக் கம்பித் தடுப்பை விட்டுத் தள்ளியே வையுங்கள். அமெரிக்கச் சட்டப்படி தடுப்பு 42 அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஆனால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற குழந்தைக்கு 42 அங்குலம் ஒன்றுமே இல்லை.

வரைபடத்தில் அறையும் பால்கனியும் பெரிதாக இருந்து பக்கத்தில் சக்கர நாற்காலிக் குறி இருந்தால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான கேபின், தேவைப்படுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியற்காலை நாற்காலிகளை இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற தளம்தான் நிம்மதி.

இப்போது நான் எடுப்பது நடுப்பகுதிப் புடைப்பின் சரிவில், மேலே கூரை உள்ள கேபின். ஒவ்வொரு கப்பலிலும் அப்படிச் சிலதான் இருக்கும், விற்பனை தொடங்கிய உடனே போய்விடும், அதனால் பயணத் தேதியை முடிவு செய்கிற அன்றே எண்ணையும் முடிவு செய்துவிடுகிறேன். அப்புறம் ஒரு விஷயம், முன்பதிவு முடிந்ததும் 'அப்கிரேடு வேண்டாம்' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், நீங்கள் தேடிப் பிடித்த கேபினை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு தளம் மேலே, பட்டியலில் உயர்ந்த வகை, பால்கனி பாதி அளவு என்று ஒரு கேபினை உங்களுக்கு இலவசமாகக் கொடுத்து வாழ்த்தும் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள்.