கேப் டவுன் வரும் தங்கைக்கு: அந்த ஃபெலோஷிப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாமா?

நீங்கள் கேட்டது இது. கணவருக்குக் கேப் டவுனில் வேலை, மார்ச்சில் கிளம்புகிறீர்கள். சென்னையில் ஓவியக் கல்லூரி முடித்து ஒரு கேலரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். இங்கே ஸைட்ஸ் மோக்கா அருங்காட்சியகம் வளரும் ஆப்பிரிக்கக் கலைத்துறையினருக்கு ஃபெலோஷிப் தருகிறதாமே, "ஆப்பிரிக்காவில்தானே குடியிருக்கப் போகிறேன், நானும் போடலாமா அக்கா?"

போட வேண்டாம். அது உங்களுக்கு இல்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மூன்று மாதம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் வந்த புதிதில் நானும் இதேபோன்ற வேறொரு பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன், கடல் வாணிகம், அடிமை வணிகம், காந்தி என்று எதையெதையோ கோத்து நானும் ஒரு வகையில் ஆப்பிரிக்கக்காரிதான் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆப்பிரிக்காவில் வசிப்பதும் ஆப்பிரிக்கராக இருப்பதும் ஒன்றில்லை. டர்பனில் ஒரு கோவிந்தர் வீட்டுப் பெண் இருக்கிறாள் என்று வையுங்கள், அவள் முன்னோர்கள் 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஆள் ஏற்றி வந்ததற்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள், அவளுக்குத் தமிழில் "அம்மா", "தாத்தா"வைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவள் போடலாம், அவள் இந்த நாட்டுக்காரி. நீங்களும் நானும் விமானத்தில் வந்தவர்கள்.

எதற்கு இப்படிக் கறாராக வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் இந்த ஊர் அருங்காட்சியகங்களின் பழைய கதை தெரிந்தது. நகர நடுவில் கம்பெனி தோட்டம் என்கிற பூங்காவில் இருக்கிற தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தில், திமிங்கல எலும்பும் பாடம் செய்த மான்களும் இருக்கிற அதே கட்டடத்தில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான சான், கோய் மக்களின் உருவங்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கற்பனைச் சிலைகள் இல்லை, உயிரோடிருந்த மனிதர்களின் உடம்பில் பிளாஸ்டர் அப்பி எடுத்த அச்சுகள். ஐரோப்பியர்களின் மேசை நாற்காலி, பீங்கானெல்லாம் சற்றுத் தள்ளிப் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தன, அதுவும் எந்தக் கட்டடத்தில் என்றால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளை அடைத்து வைத்திருந்த வீட்டில். அந்தக் கண்ணாடிக் காட்சியை 2001-ல்தான் மூடினார்கள். கறுப்பின ஊழியர்கள் அந்தக் காலத்தில் காவலுக்கும் துடைப்பதற்கும் இருந்தார்கள், லேபிள் எழுதும் மேசையில் இல்லை. வெளியே போனால் இன்னும் மோசம். பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் மட்டும் சகாராவுக்குத் தெற்கிலிருந்து போன பொருட்கள் சுமார் 70,000 இருக்கின்றன. பிரான்ஸ் 2021-ல் பெனின் நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது 26. இனி வரப்போவதையும் இங்கேயே இருப்பதையும் யார் கையில் எடுத்துப் பார்ப்பது, யார் எழுதுவது என்ற கேள்விக்குத்தான் இந்தப் பயிற்சிகளெல்லாம்.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு நாள் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது சேமிப்பறைப் பக்கம், பொருட்களின் நிலையைப் பதிவு செய்வது, அவை வேறு அருங்காட்சியகங்களுக்குக் கடனாகப் போய் வருவதைக் கவனிப்பது. ஒரு நாள் பழைய மணிக்கோவை ஒன்று மேசைக்கு வந்தது. நைட்ரைல் கையுறை மாட்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நூல் எங்கே நைந்திருக்கிறது, எந்த மணியில் கீறல், பித்தளைப் பொத்தானில் எவ்வளவு பச்சைக் களிம்பு என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன், ஒரு பிழை சொல்ல முடியாத அறிக்கை. பழைய அட்டையில் "கழுத்தணி" என்று இருந்தது, நானும் அப்படியே போட்டேன். பயிற்சிக்கு வந்திருந்த ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, இது கழுத்துக்கு இல்லையே, இடுப்புக்கு, எங்கள் பாட்டியிடம் இதேபோல் ஒன்று இருக்கிறது என்றான். உடனே வராந்தாவுக்குப் போய் ஃபோன் போட்டான். பாட்டி ஸ்பீக்கரில் கோஸா மொழியில் இருபது நிமிடம் பேசினார், எனக்கு ஒரு சொல் புரியவில்லை, நடு நடுவே அந்த நாக்குச் சொடுக்குச் சத்தம் மட்டும். அவன் எழுதிக்கொண்டே இருந்தான். அட்டை மாறியது. எத்தனையோ பத்து ஆண்டுகளாக அந்தப் பொருள் தப்பான பெயரில் அலமாரியில் கிடந்திருக்கிறது, என்னைப்போல நன்றாக அறிக்கை எழுதுகிறவர்கள் கையில். அன்றோடு என் கோபம் போய்விட்டது.

சரி, அந்த ஃபெலோஷிப் என்னவென்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பவர்களோடுதான் நாளை நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள். துறைமுகத்தில் 1920-களின் தானியக் குதிர் ஒன்றைக் குடைந்து 2017-ல் திறந்த அருங்காட்சியகம் அது. 42 கான்கிரீட் குழாய்களை நடுவில் சோள மணி வடிவத்தில் வெட்டியெடுத்திருப்பார்கள், உள்ளே நுழைந்ததும் தானாகத் தலை அண்ணாந்துவிடும். அவர்களும் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மெல்லன் அறக்கட்டளைப் பணத்தில் 2021-ல் இதைத் தொடங்கினார்கள். ஒரு வருடம், பல்கலைக்கழகத்தில் படிப்பு, அருங்காட்சியகத்தில் வேலை. அப்போது இயக்குநராக இருந்தவர் கோயோ கூவோ, கேமரூனில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, வங்கித் துறை படித்துவிட்டு, செனகலின் தாக்காரில் சொந்தமாக ஒரு கலை மையம் தொடங்கி அப்புறம் 2019-ல் இங்கே வந்தவர். வெனிஸ் பினாலே என்ற பெரிய உலகக் கலைக் கண்காட்சியை நடத்தத் தேர்வாகியிருந்த நேரத்தில், 2025 மே மாதம் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று இங்கே எந்த அலுவலகத்திலும் வேலை ஓடவில்லை.

இப்போது உங்கள் வழிக்கு வருகிறேன். அதே வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1990-களின் கடைசியிலிருந்தே அருங்காட்சியக, மரபுத்துறைப் படிப்பு நடத்துகிறது. ஃபெலோஷிப் வேறு, படிப்பு வேறு, படிப்புக்கு வெளிநாட்டவரும் சேரலாம், கட்டணம் மட்டும் உங்கள் கையிலிருந்து. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே வரும் நம் ஆட்கள் கொஞ்சம் உதட்டைப் பிதுக்குவார்கள், மலையடிவாரத்தில் இருக்கும் கேப் டவுன் பல்கலைக்கழகம்தான் பெருமை என்பார்கள். கேட்காதீர்கள். இனவெறி அரசு 1960-ல் கலப்பினத்தவருக்கென்று ஒதுக்குப்புறமாகக் கட்டிய கல்லூரி அது, அந்த அரசை எதிர்த்தவர்கள் அங்கேதான் கூடினார்கள், ராபன் தீவுக் கைதிகளின் தாள்களும் படங்களும் இருக்கிற மயிபூயே ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. இந்தத் துறைக்கு அதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

ஆனால் விசா. கணவரோடு வருகிற விசாவில் வேலை செய்ய முடியாது. படிக்க வேண்டுமென்றாலும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். சம்பளமில்லாமல் தன்னார்வமாகத்தானே உதவப் போகிறேன் என்று ஓர் அலுவலகத்தில் போய் உட்காருவதற்கு முன்னாலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், பின்னால் நிரந்தரக் குடியிருப்புக்குப் போகும்போது இதெல்லாம் தோண்டுவார்கள். கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது, நீங்கள் வருவதோ மார்ச், ஆக இந்த வருடம் போச்சு. அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தை இந்த வருடத்திலேயே போட்டாக வேண்டும். உங்கள் பட்டத்தை இங்குள்ள தகுதி ஆணையம் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும், அதற்கு மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் கையில் வேண்டும், அம்மா வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வந்தால் கூரியருக்கே அழுவீர்கள். இந்தியர்களுக்கும் திறந்திருக்கும் கதவுகள் உண்டு, பிரிட்டிஷ் மியூசியம் 2006-லிருந்து நடத்தும் சர்வதேசப் பயிற்சியைப் பாருங்கள். அங்கே நாம் ஆப்பிரிக்கர் என்று கதை கட்ட வேண்டியதில்லை.

அதுவரை என்ன செய்வது என்றால், பார்ப்பது. மாதத்தின் முதல் வியாழன் மாலை நகர நடுவில் கேலரிகள் இரவு வரை திறந்திருக்கும், காசு வேண்டாம், தெரியாதவர்களும் பேசுவார்கள். டிஸ்டிரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், இனவெறி அரசு 60,000 பேரை வீட்டைவிட்டுத் துரத்திய பகுதியின் வரைபடத்தைத் தரையில் விரித்திருப்பார்கள், வந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பேர் எழுதியிருப்பார்கள், செருப்புக் காலோடு அதன்மேல்தான் நடக்க வேண்டும், எனக்கு இன்னும் கூசும். முன்னால் சொன்ன அந்த அடிமைகள் வீட்டுக்குப் போனால் அடிமைப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது பெயர்களைக் கவனியுங்கள். ஊரைத்தான் பெயரோடு ஒட்டினார்கள், வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமாண்டல். கடைசியில் சொன்னது நம் சோழமண்டலக் கரை. அவர்கள் வீட்டில் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. நமக்கும் இந்த ஊருக்கும் உண்மையான தொடர்பு என்றால் அது அங்கே இருக்கிறது, ஆனால் அதை விண்ணப்பத்தில் செருகாதீர்கள்.

வாழ்க்கை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும், வீட்டுக்குள் வெளியைவிடக் குளிரும், கம்பளி அங்கிருந்தே வாங்கி வாருங்கள். கோடையில் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளும். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பெல்வில் பக்கம் படிக்கப் போவதென்றால் ரயிலை மட்டும் நம்பாதீர்கள், மினிபஸ் டாக்ஸியில் ஏறக் கற்றுக்கொள்ளுங்கள், "பெல்வில்! பெல்வில்!" என்று ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துகிறவரிடம் சில்லறையைக் கொடுத்துவிட வேண்டும், இருட்டிய பின் வேண்டாம். அப்புறம் "ஜஸ்ட் நவ்". ஒருவர் ஜஸ்ட் நவ் வருகிறேன் என்றால் அது இப்போது இல்லை, எப்போதாவது. முதல் மாதம் ஒரு கையெழுத்துக்காக அப்படி மதியம் முழுக்க ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கோஸாவில் "மோலோ" என்று வணக்கம் சொல்லப் பழகுங்கள், சேமிப்பறையில் அது ஆங்கிலத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

சாமானில் மசாலா, பருப்பு எதுவும் கட்ட வேண்டாம், போ-காப்பில் அட்லஸ் டிரேடிங் கடை இருக்கிறது. நல்ல எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய் மட்டும் இரண்டு பாட்டில் எடுத்து வாருங்கள், ஒன்று எனக்கு.